ரத்த உறைவைத் தடுக்க இரண்டு மாத்திரையா? கவனம் தேவை!

இதய ரத்தக்குழாய் அடைப்புக்காக ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் பல ஆண்டுகளாக ஆஸ்பிரின் சாப்பிட்டு வருகிறார். பிறகு 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' எனும் சீரற்ற இதயத்துடிப்பு வருகிறது. ரத்தம் உறையாமலிருக்க இன்னொரு மாத்திரை சேர்கிறது, பழையதும் தொடர்கிறது. இரண்டும் இருந்தால் பாதுகாப்பு கூடும் என்று பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலும் கூடுவது ரத்தக்கசிவு ஆபத்துதான்.

இரண்டும் ஒரே வேலை செய்வதில்லை

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் சரியாகச் சுருங்காமல் துடிதுடிக்கின்றன. அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். இதைத் தடுப்பவை வார்ஃபரின், அசினோகூமரால், டபிகேட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் போன்ற உறைவுத்தடுப்பு மருந்துகள். ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை இவை கட்டுப்படுத்துகின்றன.

ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுப்பவை. புதிய ஸ்டென்ட் அடைபடாமலிருக்க இவை அவசியம். இரு வகையும் சேரும்போது, கசியும் ரத்தத்தை நிறுத்த உடலுக்கு உள்ள இரண்டு வழிகளும் ஒருசேரப் பலவீனமாகின்றன. வயிறு, குடல், சில நேரம் மூளையில்கூட ரத்தம் கசியலாம்.

ஆய்வுகள் சொல்வது

2019இல் வெளியான 'அகஸ்டஸ்' ஆய்வில், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோடு மாரடைப்பு வந்தவர்கள் அல்லது ஸ்டென்ட் வைத்தவர்கள் 4,614 பேர் இருந்தனர். ஏற்கெனவே இரு வகை மருந்தும் எடுத்துக்கொண்ட அவர்களில், ஆஸ்பிரினும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு ஆறு மாதங்களில் 16.1 சதவீதம் ரத்தக்கசிவு. சேர்க்காதவர்களுக்கு 9 சதவீதம்.

அதே ஆண்டு வெளியான ஜப்பானின் 'அஃபயர்' ஆய்வு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோடு நிலையான இதய ரத்தக்குழாய் நோயும் உள்ளவர்களைக் கவனித்தது. ரிவராக்ஸபான் மட்டும் எடுத்தவர்களைவிட, அதோடு தட்டணு மருந்தும் எடுத்தவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள்.

எவ்வளவு காலம் சேர்த்து எடுப்பது?

ஸ்டென்ட் வைத்த புதிதில் கூட்டு மருந்து தேவை. பொதுவாக ஆஸ்பிரினை ஒரு வாரம் முதல் ஒரு மாதத்துக்குள்ளும், குளோபிடோக்ரெலை 6 முதல் 12 மாதங்களிலும் மருத்துவர் நிறுத்துவார். அதன்பின் பெரும்பாலானோருக்கு உறைவுத்தடுப்பு மருந்து ஒன்றே போதும். சிலருக்கு இந்தக் கணக்கு மாறும். அதனால் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் பக்கவாதமோ மாரடைப்போ வரலாம்.

மருந்துக்கடையில் எச்சரிக்கை

மூட்டுவலிக்குச் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளும் ரத்தக்கசிவைத் தூண்டும். வார்ஃபரின் எடுப்பவர்களுக்குச் சில ஆன்டிபயாடிக்குகளும் ஆபத்து. மருந்து வாங்கும்போது "ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று தவறாமல் சொல்லுங்கள்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை

• தார் போன்ற கறுப்பு மலம், ரத்த வாந்தி
• சிறுநீரில் ரத்தம், நிற்காத மூக்கு ரத்தம்
• தலையில் அடிபடுதல், திடீர்க் கடும் தலைவலி
• முகம் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி

அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் சென்று காட்டுங்கள். "இவை எல்லாம் இன்னும் தேவையா? எதுவரை?" என்று தயங்காமல் கேளுங்கள்.