ஒரு தாள் பட்டை, நான்கு கணக்கு

அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் 2/5 என்று எழுதுவார்கள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டினால் வரும் விடை அது. உடனே தப்பு என்று அடித்துவிடாதீர்கள். “2/5 பெரிசா, அரை பெரிசா?” என்று மட்டும் கேளுங்கள். ஐந்தில் பாதி இரண்டரை. ஆகவே 2/5 அரைக்கும் குறைவு. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிக் குறையும்? பிள்ளையே அழித்துவிட்டு மறுபடி யோசிக்கும்.

பயிற்சியில் முதலில் வரவேண்டியது இந்த மதிப்பீடுதான். 1978-ல் அமெரிக்காவின் தேசியக் கல்வி மதிப்பீட்டில் 12/13 + 7/8 எவ்வளவு இருக்கும் என்று தோராயமாகச் சொல்லச் சொன்னார்கள். கொடுத்த விடைகள் 1, 2, 19, 21. இரண்டு பின்னமும் ஏறக்குறைய ஒன்று. எனவே விடை 2. பதின்மூன்று வயதினரில் அதைச் சொன்னவர்கள் 24 சதவீதம்தான். பாதிக்கு மேற்பட்டோர் 19 அல்லது 21-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். 12-ம் 7-ம் 19, 13-ம் 8-ம் 21. பின்னம் ஓர் அளவு என்பதே அவர்கள் மனத்தில் பதியவில்லை.

அதைப் பதியவைக்க 12 செ.மீ. நீளமுள்ள ஒரு தாள் பட்டை போதும். முழுப் பட்டைதான் 1. அதில் அரை 6 செ.மீ., மூன்றில் ஒன்று 4 செ.மீ. இந்த இரண்டையும் வெட்டிக் கையில் கொடுங்கள்.

கூட்டல்: இரண்டையும் ஒட்டி வைத்தால் 10 செ.மீ. அதை என்னவென்று சொல்வது? இரண்டுக்கும் பொருந்தும் சிறு துண்டு வேண்டும். ஆறில் ஒன்றான 2 செ.மீ. துண்டு அரையில் மூன்று முறையும், மூன்றில் ஒன்றில் இரண்டு முறையும் அடங்கும். ஆக 5/6. பகுதியைச் சமமாக்குவது இதற்காகத்தான்.

கழித்தல்: ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் 2 செ.மீ. மிஞ்சும். 1/6.

பெருக்கல்: மூன்றில் ஒன்றைப் பாதியாக மடியுங்கள். 2 செ.மீ., அதாவது 1/6. பெருக்கினால் எண் பெரிதாகும் என்ற நினைப்பு இங்கே போய்விடும்.

வகுத்தல்: 4 செ.மீ. துண்டு 6 செ.மீ. துண்டில் எத்தனை முறை அடங்கும்? ஒன்றரை முறை. முழுப் பட்டையில் மூன்று முறை அடங்குவது அரைப் பட்டையில் அதில் பாதி. வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்குவதன் காரணம் இதுவே.

ஒரே நாளில் இருபது கணக்கு கொடுப்பதைவிட, இப்படி ஒரு சோடியை நான்கு விதமாகவும் செய்யவைப்பது நல்லது. இங்கே கழித்தலுக்கும் பெருக்கலுக்கும் ஒரே விடை வந்ததைப் பிள்ளை கவனித்ததா என்று கேளுங்கள். 1/3, 1/4 எடுத்தாலும் இரண்டுக்கும் 1/12 வரும். 1/2, 1/5 எடுத்தால் வராது. ஏன் என்று பிள்ளையே தேடட்டும்; அந்தத் தேடலிலேயே பயிற்சியும் முடிந்துவிடும்.