கருவியும் கல்வியும்

மாணவர் கைக்குக் கணிப்பொறி வந்துவிட்டால் கல்வி தானே வளரும் என்பது பலரின் எண்ணம். பெரு நாட்டின் அனுபவம் அவ்வாறு கூறவில்லை. அங்குச் சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் வெளிவந்த அறிக்கை, கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை என்றது. காரணம் யாது? மென்பொருள்கள் வகுப்புப் பாடத்தோடு இணைக்கப்படவில்லை; ஆசிரியர்க்கும் தெளிவான வழிகாட்டல் இல்லை என ஆய்வாளர் கருதினர்.

இதற்கு மாறான சான்று தில்லியில் உண்டு. அங்குப் பள்ளி நேரத்திற்குப் பின் இயங்கிய மையங்களில் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்னும் மென்பொருள் பயன்பட்டது. 2019இல் வெளியான ஆய்வின்படி, ஆறாம் வகுப்பு மாணவர் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தனர். அவர்களுக்கு ஆறாம் வகுப்புப் பாடம் எவ்வாறு விளங்கும்? இம்மென்பொருளோ முதலில் மாணவரின் நிலையை அறிந்து, அங்கிருந்தே பயிற்சியைத் தொடங்கியது. நாள்தோறும் 45 நிமிடம் கணிப்பொறி, 45 நிமிடம் ஆசிரியர். நாலரை மாதத்தில், குலுக்கலில் இம்மையங்களில் இடம் பெற்றோர், பெறாதோரைவிட இரு மடங்குக்கு மேல் கணிதத்தில் முன்னேறினர்.

எனவே, எத்தனை கருவிகள் வந்தன என்று எண்ணுவதோடு நில்லாமல், பின்தங்கிய மாணவனுக்கு அவை எதைக் கற்பிக்கின்றன என்றும் கேட்போமாக!