பழைய மைனருக்கு க்ரூஸ் கொன்ட்ரோல் பூட்டலாமா?

பாமன்கடையிலிருந்து கிருலப்பனைக்குப் போய், ஹைலெவல் வீதியைப் பிடித்து, நுகேகொடை, மஹரகம நெரிசல்களைத் தாண்டிக் கொட்டாவை சேரும் வரை காரை ஒரே வேகத்தில் ஓட்டுகிற பேச்சுக்கே இடமில்லை. கொட்டாவையில் அதிவேக நெடுஞ்சாலைக்குள் நுழைந்ததும் நிலைமை தலைகீழாகிறது. 2011 நவம்பரில் திறக்கப்பட்ட தெற்கு நெடுஞ்சாலையில் காலிக்கு அருகிலுள்ள பின்னதூவ வரை ஏறத்தாழ 95 கிலோமீற்றர். 2014இல் அது மாத்தறைக்கும், 2020இல் மத்தளைக்கும் நீண்டது. சிக்னல் இல்லை, முச்சக்கர வண்டி இல்லை. வலது பாதத்தை அசைக்காமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் கணுக்கால் விறைத்துப்போகும். அந்த வேலையைக் காலிடமிருந்து வாங்கிக்கொள்வதுதான் க்ரூஸ் கொன்ட்ரோல்.

புதிய கார்களில் இது கூடவே வருகிறது. ஆனால் 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 தொடக்கம் வரை மீளவில்லை. இருப்பதைப் புதுப்பித்து ஓட்டுவது நம்மவருக்குக் கைவந்த கலை. அதில் முதலிடம் மொரிஸ் மைனருக்கு. இங்கிலாந்தில் 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை தயாரான இந்தக் காருக்கு, 1990களில் இலங்கையிலேயே உடற்பாகங்கள் செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பினார்கள். துருப்பிடித்த கூட்டை வாங்கி, பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி, ஜப்பானிய என்ஜின் ஏற்றி, வயரிங்கைப் புதிதாக இழுத்து ஓட வைத்தால், அது வீட்டிலேயே கட்டிய கார்தான். லோட்டஸ் செவன் போன்ற கார்களை 1957 முதல் பாகங்களாக விற்று, வாங்கியவரையே பூட்ட வைத்த பிரித்தானியப் பழக்கத்துக்கு நம் நாட்டில் மிக நெருங்கியது இதுவே.

இந்தக் காருக்குக் க்ரூஸ் கொன்ட்ரோல் பூட்டலாமா? பூட்டலாம். வேகத்தைப் பிடித்து வைக்கும் விஞ்ஞானம் பழையது. ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி என்ஜினில் சுழலும் இரண்டு குண்டுகளை வைத்து அதைச் செய்தார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். குறைந்தால் ஒடுங்கி நீராவியைக் கூட்டும். அத்தகைய கருவிகள் சில வேளை ஏன் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கித் தடுமாறுகின்றன என்பதை இயற்பியலாளர் மக்ஸ்வெல் 1868இல் கணிதமாக எழுதினார். காருக்குரிய கருவியை உருவாக்கியவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர். ஐந்து வயதில் பார்வை இழந்தவர். பேசிக்கொண்டே கார் ஓட்டிய தம் வழக்கறிஞர், பேச்சுக்கேற்ப வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் குலுக்கியது அவருக்குப் பொறுக்கவில்லையாம். 1950இல் காப்புரிமை கிடைத்தது. 1958 கிறைஸ்லர் கார்களில் கருவி வந்தது. கண்ணால் வேகமானியைப் பார்க்க முடியாதவர் உடலால் வேகத்தை அளந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வெளியே வாங்கிப் பூட்டும் கருவியில் மூன்று உறுப்புகள். புரொப்பலர் ஷாஃப்டில் கட்டும் காந்தமும் அதன் அருகே ஒரு சுருளும் சுழற்சியை எண்ணும். சிறிய கணினி அந்த எண்ணிக்கையை நீங்கள் குறித்த வேகத்தோடு ஒப்பிடும். அதன் கட்டளைப்படி ஒரு மோட்டாரோ, என்ஜினின் வெற்றிடத்தால் இயங்கும் இறப்பர் சவ்வோ த்ரோட்டில் கேபிளை இழுக்கும். ஏற்றத்தில் த்ரோட்டில் அகலத் திறக்கும்போது மனிஃபோல்டின் வெற்றிடம் குறைந்து, பலம் வேண்டிய நேரத்தில் சவ்வு சோர்ந்துவிடும். அதனால் ஒருவழி வால்வுடன் ஒரு சேமிப்புக் குடுவையும் வேண்டும். டீசல் என்ஜினில் இந்த வெற்றிடமே போதுமான அளவு கிடைக்காது; தனிப் பம்ப் தேவை.

இதுவரை சொன்னதை நல்ல மெக்கானிக் ஒருவர் ஒரு வார இறுதியில் பூட்டிவிடுவார். நான் கவலைப்படுவது, பிடித்த த்ரோட்டிலைக் கருவி உரிய நேரத்தில் விடுமா என்பதைப் பற்றி. தொழிற்சாலையில் இதற்கென்றே பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். வீட்டில் கட்டிய காரில் அந்தப் பொறுப்பு முழுக்க உங்களுடையது.

பிரேக் விளக்கின் வயரை எடுத்துக்கொள்வோம். பல கருவிகள் அந்த வயரைத்தான் கண்காணிக்கின்றன. பிரேக்கை மிதிக்காதபோது பல்பின் மெல்லிய இழை வழியாக அந்த வயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். மிதித்ததும் அதில் 12 வோல்ட் ஏறும். கருவி உடனே கையை விடும். பல்புகள் எல்லாமே எரிந்துபோனாலோ வயர் அறுந்தாலோ எர்த் கிடைக்காது, கருவி வேலை செய்யவே மறுக்கும். அருமையான யோசனை இது: பழுது வந்தால் பாதுகாப்பான பக்கமே சாய்கிறது. ஆனால் அழகுக்காக எல்ஈடி பல்ப் மாற்றியவரின் காரிலும் கருவி மறுக்கும், ஏனெனில் எல்ஈடியில் அந்த இழை இல்லை. அப்போது சிலர் அந்த வயரை நேரே எர்த்தில் கட்டி ஏமாற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பிரேக் மிதிக்கும் செய்தி கருவிக்குப் போகவே போகாது. தயவுசெய்து இதை யாரையும் செய்யவிடாதீர்கள். எல்ஈடியோடு சேர்த்துப் பூட்டும் சிறு ரிலேயில் இது தீரும்.

மைனரில் இன்னொரு பொறியும் உண்டு. அதன் மூல வயரிங்கில் பற்றரியின் நேர்முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய மின்னணுக் கருவிகள் எதிர்முனை எர்த்தை நம்பிச் செய்யப்பட்டவை. மாற்றாமல் இணைத்தால் கருவி ஒரு நொடியில் கருகிவிடும். பாகங்களாக வாங்கிப் பூட்டும், கண்ணாடியிழை உடல் கொண்ட கிட் கார்களிலோ உடல் மின்சாரத்தைக் கடத்தவே கடத்தாது; எர்த் வயரைத் தனியாகப் பற்றரி வரை இழுக்க வேண்டும். எர்த் சரியில்லாவிட்டால் பிரேக் செய்தியும் சந்தேகத்துக்குரியதாகிவிடும்.

கியர் மாற்றும் கார்களில் கிளச் மிதிக்கும்போது சுமை நீங்கி என்ஜின் அலறும். கிளச்சுக்கும் ஒரு சுவிட்ச் வையுங்கள். வெற்றிடக் கருவியானால் பிரேக் பெடலில் இன்னொரு வால்வும் வேண்டும்: மின்சாரம் தவறினாலும், பெடல் நகர்ந்ததும் சவ்வுக்குள் காற்றைப் புகவிடும் வால்வு. மின்வழி ஒன்று, காற்றுவழி ஒன்று, இரண்டும் ஒன்றையொன்று நம்பாதவை. த்ரோட்டில் கேபிளில் சிறிது தளர்வும் இருக்கட்டும். இறுக்கிக் கட்டினால் காலை எடுத்த பிறகும் த்ரோட்டில் முழுதாக மூடாது.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெற்கு நெடுஞ்சாலையின் பெரும்பகுதி ஈரவலயத்தின் ஊடே போகிறது. காந்தம் எண்ணுவது சில்லின் சுழற்சியை மட்டுமே. நீரின் மேல் ரயர் மிதந்தால் சில்லு சொல்லும் வேகம் ஒன்று, கார் போகும் வேகம் வேறு. எடை குறைந்த, ஏபிஎஸ் இல்லாத மைனருக்கு இது இரட்டை ஆபத்து. மழை தொடங்கியதும் கருவியை அணைத்துவிடுங்கள்.

வெற்றிடக் கருவியானால், பூட்டியவரிடம் கையில் பிடிக்கும் வெற்றிடப் பம்ப் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். என்ஜினை நிறுத்தி, பிரேக் வால்வுக்குப் போகும் குழாயில் வெற்றிடம் ஏற்றி, பம்பின் அளவுமானி முள் நிலைத்து நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு பிரேக்கை விரல் நுனியால் மெல்ல அழுத்துங்கள். முள் உடனே பூச்சியத்துக்கு விழ வேண்டும். அடுத்து வெறிச்சோடிய வீதியில் 50 கிலோமீற்றர் வேகத்தில் பிரேக், கிளச், நிறுத்தும் பொத்தான் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதியுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். இச்சோதனைகளில் ஒன்று தவறினாலும், சரிசெய்யும் வரை கருவியின் பியூஸைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள்.