தட்டத் தட்ட இறுகும் தகடு

1948ஆம் ஆண்டு லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான ஜாகுவார் எக்ஸ்.கே. 120 காரில், முதலில் பிறந்த சுமார் 240 வண்டிகளுக்கு மட்டுமே மரச் சட்டத்தின்மீது அலுமினியக் கூடு பூட்டப்பட்டது. 1950இல் எஃகுக்கு மாறிவிட்டபடியால், அவ்வபூர்வ வண்டிகளுள் ஒன்றின் மட்கார்டு சிதைந்துபோனால், தட்டையான தகட்டிலிருந்தே அதைப் புதிதாகச் சிருஷ்டித்தாக வேண்டும்.

தகடு இறுகுவது ஏன்?

உலோகத்தின் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கிய படிகங்களாக அமைந்தவை. அவ்வரிசைகளில் சுபாவமாகவே உள்ள பிறழ்வுகள் நகர்வதனால்தான் தகடு வளைந்துகொடுக்கிறது. அடி விழ விழ அப்பிறழ்வுகள் பெருகி, தேர்த்திருவிழாக் கூட்டம்போல் ஒன்றையொன்று மறித்து நிற்பதால், தகடு கடினமுற்று, மேலும் வற்புறுத்தினால் விளிம்பில் விரிசல் காண்கிறது.

மீண்டும் இளகுவது எப்படி?

உஷ்ணமே அதற்கு ஔஷதம். ஆனால் அலுமினியமோ, எஃகைப்போல் கண்ணுக்குச் சிவந்து எச்சரிக்காமலே 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடுமாகையால், தொழிலாளி தகட்டில் சோப்பைத் தேய்த்து, மறுபுறமிருந்து மெல்லச் சூடேற்றி, சோப்புக் கோடு பழுப்பேறிக் கறுக்கும் அந்தக் கணத்திலேயே தீயை விலக்குகிறார். அந்தச் சூட்டில் பிறழ்வு குறைந்த புதிய படிகங்கள் முளைக்கவே, தகடு பழைய மென்மையை அடைகிறது.

பின்னர், எதிர்ப்பக்கத்து மட்கார்டை அளந்து அதன் பிரதிபிம்பமாகச் செதுக்கிய மர அச்சை அருகே வைத்துக்கொண்டு, மணல் மூட்டையின்மேல் தகட்டை மரச்சுத்தியலால் குழித்து, இரு சக்கரங்களுக்கிடையே உருட்டி வழவழப்பாக்கி, அச்சோடு ஒத்துப்பார்க்கிறார். இறுகுவதும் இளகுவதுமாகிய இச்சுழற்சியைப் பலமுறை பொறுமையுடன் கடந்த பின்னரே அந்தப் பழைய வளைவு உயிர்பெறுகிறது.