துளைபடக் கட்டும் போர்க்கப்பல்

மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் நார் திணித்து நீர் புகாமல் அடைக்கும் தொழிலைக் கலப்பற்று என்பர். கப்பல் கட்டுவோரின் முதற் கவலை அதுவே. அதற்கு நேர்மாறாக, குண்டு பட்டால் துளைபடவேண்டும் என்னும் விதிக்கு அடங்கிக் கப்பல் கட்டுவோரும் உளர். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் தோன்றிய மாதிரிப் போர்க்கப்பல் சண்டையில் ஈடுபடுவோரே அவர்கள்.

குளத்தில் மிதக்கும் இக்கப்பல்களைக் கரையில் நின்று வானொலி அலையால் இயக்குகின்றனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இருந்த உண்மைக் கப்பல்களே இவற்றுக்கு முன்மாதிரி. அளவு 144-இல் ஒரு பங்கு. 1941 டிசம்பர் 10-ஆம் நாள் குவாந்தானுக்கு அப்பால் சப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ ஏறத்தாழ 227 மீட்டர் நீளமுடையது. மாதிரியில் அது 1.58 மீட்டராகும். எடைக் கணக்கோ வேறு. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் 144-ஆல் மூன்று முறை வகுத்தல் வேண்டும். கணக்காசிரியர்க்கு நல்ல பாடம் இது! 44,000 டன் கப்பல் 15 கிலோவுக்கும் சற்றுக் குறைந்துவிடுகிறது. மின்கலம், பொறி, பீரங்கி, வாயுக்கலன் யாவும் இதற்குள் அடங்கவேண்டும்.

கரியமில வாயுவின் அழுத்தத்தால் பீரங்கியினின்று மிளகளவான எஃகுக் குண்டுகள் பாய்கின்றன. ஆதலின் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம். கப்பலின் பக்கங்களில் விலாக் கட்டைகளின்மேல் பால்சா என்னும் மென்மரத் தகடு ஒட்டப்பட்டிருக்கும். பரவலாக வழங்கும் ஒரு விதிமுறைப்படி அதன் தடிப்பு அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கே. நீர்மட்டத்துக்கு மேலுள்ள துளைக்கு 10 புள்ளி, மட்டத்தில் 25, கீழே 50. எதிரியின் குறி எங்கே என்பதை இக்கணக்கே சொல்லிவிடும்.

தகட்டைத் தடிப்பாக்க வழியில்லை. ஆகவே, புகுந்த நீரை எங்கே ஓடவிடுவது என்பதில்தான் கட்டுவோன் திறமை இருக்கிறது. அடித்தளம் தட்டையாயின் நீர் ஒரு பக்கம் ஓடும். கப்பலும் அப்பக்கமே சாயும். அங்குள்ள துளைகள் நீரில் அமிழ்ந்து மேலும் நீர் புகும். நிரம்புமுன்னரே கவிழ்வதும் உண்டு. இதைத் தடுக்க இருபுறமும் அடைத்து நடுவே வாய்க்கால் விட்டு, அதன் தாழ்ந்த இடத்தில் பம்பை வைப்பர். பம்பின் வாயில் கம்பிவலை இல்லையேல் ஒரு மரச்சிதறலே அதை நிறுத்திவிடும்.

மூழ்கிய கப்பலை, அதிலிருந்து மேலெழும் மிதவையின் கயிற்றைக் கொண்டு கண்டெடுப்பர். பிறகு உலர்த்துதல், பொறிக்கு எண்ணெயிடுதல். துளைகளை மெல்லிய தாளொட்டிச் சாயம் பூசி அடைக்கலாம். ஒட்டுகள் மிகுந்தால் தகடு வலுத்துவிடும்; வலுத்த தகடு விதிக்கு ஒவ்வாது. அப்போது முழுவதையும் உரித்துவிட்டுப் புதுத்தகடு போர்த்துகின்றனர்.