உள்நுழைவும் கட்டுப்படுத்திச் சோதனையும்

ஐதராபாத், செகந்திராபாத் ஆகிய இரட்டை நகரங்களில் 2001ஆம் ஆண்டு இ-சேவா நிலையங்கள் தொடங்கப்பெற்றன. மின்கட்டணம், குடிநீர்க் கட்டணம், சொத்துவரி முதலியவற்றை ஒரே இடத்தில் செலுத்தும் வாய்ப்பு மக்களுக்குக் கிட்டியது. 2011இல் தோன்றிய மீ சேவா, சான்றிதழ் வழங்கலையும் கணினிவழிப்படுத்தியது. இத்தகைய பணிகளில் விண்ணப்பிப்பவர், முகப்புப் பணியாளர், ஒப்புதல் தரும் அலுவலர் எனப் பலர் பங்கு கொள்வர். ஒருவர்க்குரிய செயலை மற்றொருவர் செய்ய இயலுமாயின் சான்றிதழின் மதிப்பே கெடும். ஆகவே, இவைபோன்ற வலைப் பயன்பாடுகளைச் சோதிக்குங்கால் உள்நுழைவை எவ்வாறு கையாள்வது என்பது ஆராயத்தக்கதாகும்.

உலாவியின் வேண்டுகோளைப் பெற்று, உரிய பணியைச் செய்வித்து, விடை அனுப்பும் பகுதி கட்டுப்படுத்தி எனப்படும். வலையின் நெறிமுறை முந்தைய வேண்டுகோளை நினைவில் கொள்வதில்லை. எனவே, பயனர் உள்நுழைந்ததும் வழங்கி ஓர் அமர்வைத் தோற்றுவித்து, அதன் அடையாளத்தைக் குக்கியாக உலாவிக்கு அளிக்கின்றது. பின்வரும் வேண்டுகோள் ஒவ்வொன்றுடனும் அவ்வடையாளம் உடன்வரும்.

சோதனைதோறும் கடவுச்சொல்லை இட்டு உள்நுழைதல் ஒரு முறை. கடவுச்சொல் சரிபார்ப்பு, திருடர் எளிதில் ஊகிக்காதவாறு வேண்டுமென்றே மெதுவாக அமைக்கப்படுவது; ஆதலின் நூற்றுக்கணக்கான சோதனைகளில் காலம் வீணாகும். மேலும், உள்நுழைவுப் பக்கத்தில் ஒரு பிழை நேரின் எல்லாச் சோதனைகளும் தோற்கும்; பிழையின் இடம் புலப்படாது.

பயனரை நேரே அமர்வில் அமர்த்துதல் மற்றொரு முறை. ஜாங்கோ என்னும் மென்பொருட் சட்டகம் 2015இல் வெளிவந்த தன் 1.9ஆம் பதிப்பில் இதற்கென ஒரு வசதியைச் சேர்த்தது. இம்முறை விரைவானது. எனினும், எல்லாச் சோதனைகளும் தகுதியுடைய பயனரைக் கொண்டே நிகழுமாயின் ஓர் இடர் உண்டு. காவல் நிபந்தனையை எழுத மறந்த கட்டுப்படுத்தியும் அச்சோதனைகள் அனைத்திலும் தேறிவிடும்.

எனவே, காக்கப்பட வேண்டிய ஒவ்வொரு செயலுக்கும் மூன்று சோதனைகள் தேவை. உள்நுழையாதவர் உள்நுழைவுப் பக்கத்திற்குத் திருப்பப்பெறல் வேண்டும்; அல்லது 401 என்னும் விடை பெறல் வேண்டும். உள்நுழைந்தும் உரிமையற்றவர்க்கு 403 என்னும் மறுப்புக் கிட்டல் வேண்டும். உரிமையுடையவர்க்குப் பணி நிறைவேறல் வேண்டும். பிறர் விண்ணப்ப எண்ணை முகவரியில் இட்டுப் பார்ப்பவரும் உரிமையற்றவரே. மறுப்பு விடை வந்தால் மட்டும் போதாது. தரவு மாறாதிருப்பதையும் காணல் வேண்டும்.

தவறான கடவுச்சொல், காலங்கடந்த அமர்வு, வெளியேறுதல் ஆகியவற்றைச் சில தனிச் சோதனைகள் ஆராய்தல் போதும். பயனரை அமர்த்தும் வசதி சோதனை நிரலுக்குள்ளேயே நிற்றல் இன்றியமையாதது. பொதுக் கடவுச்சொல்லாகவோ மறைமுகவரியாகவோ அது மக்கள் பயன்படுத்தும் அமைப்பில் புகுமாயின் கள்ளவழியாகிவிடும்.

வலைப் பாதுகாப்பினை ஆராயும் ஓவாஸ்ப் அமைப்பு, 2021இல் வெளியிட்ட இடர்ப்பட்டியலில் அணுகல் கட்டுப்பாட்டுக் குறைபாட்டினையே முதலிடத்தில் வைத்தது. அனுமதிக்கப்பட்டவர் பணி முடிப்பதை மட்டுமன்றி, அனுமதியற்றவர் தடுக்கப்படுவதையும் மெய்ப்பிக்கும் சோதனையே நிறைவான சோதனை என்பது இதனால் பெறப்படும்.