கடலடியிலிருந்து வரும் எதிரொலி

நான் செய்யாற்றங்கரையிலுள்ள காவாந்தண்டலத்துக்காரன். ஏரும் ஏரியும் சூழ்ந்த ஊர் அது. அப்படிப்பட்ட ஊரான் கடலில் மீன் காட்டும் கருவியைப் பற்றிப் பேச வருவானேன் என்று நேயர்களுள் சிலர் எண்ணக்கூடும். எங்கள் ஊரைத் தொட்டுச் செல்லும் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வங்கக் கடலைச் சேர்கிறது. அம்முகத்துவாரத்தை அடுத்த குப்பங்களுக்கு நான் போய் வருவதுண்டு. ‘எக்கோ சவுண்டர்’ என்று மீனவர் வழங்கும் இக்கருவியை அங்குதான் பழகினேன். பெருவிலை கொடுத்து அதை வாங்குவது ஒன்று. அது காட்டுவதைப் படிக்கத் தெரிவது மற்றொன்று. படிக்கத் தெரியாவிட்டால் டீசலும் உழைப்பும் வீணாகும். சில வேளை வலையே பாறையில் சிக்கிக் கிழியும். ஆதலால் இன்று அதனைப் படிக்கும் முறையைச் சொல்ல முற்படுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். இக்கருவி மீனைப் பார்ப்பதில்லை; எதிரொலியைக் கேட்கிறது. நம் கழனிக் கிணற்றில் குனிந்து குரல் கொடுத்தால் கிணறு திரும்பக் குரல் கொடுக்கிறது. ஒலி போய் வந்த நேரத்தைக் கணக்கிட்டால் நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த நேரம் மிகச் சிறிது. நம் செவிக்கு அது பிடிபடாது. கருவிக்குப் பிடிபடும். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. கடல்நீரிலோ சுமார் 1500 மீட்டர் செல்கிறது. படகின் அடியில் பொருத்திய வட்டு ஓர் ஒலித் துடிப்பைக் கீழே அனுப்புகிறது. அது பத்தில் ஒரு வினாடியில் திரும்பி வந்தால், போகவும் வரவும் 150 மீட்டர். ஆகவே ஆழம் 75 மீட்டர், அதாவது ஏறக்குறைய 41 பாகம். நம் வெப்பக் கடலில் ஒலி சற்று விரைந்தே செல்லும். 1500 மீட்டர் என்று கணக்கு வைத்த கருவி நூறு மீட்டர் ஆழத்தை 97 மீட்டர் அளவில் குறைத்துக் காட்டக்கூடும்.

இந்த எண்ணம் தோன்றிய வரலாறும் சுவையானது. 1912-இல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. அதன் பின், பனிப்பாறையை ஒலியால் அறிய முயன்ற ஜெர்மானியராகிய அலெக்சாண்டர் பெம், கடலின் ஆழத்தை அளக்கும் வழியைக் கண்டு 1913-இல் காப்புரிமை பெற்றார். 1935-இல் நார்வே நாட்டு ஆஸ்கர் சுண்ட், காட் மீன்கூட்டத்தின் எதிரொலிப் பதிவை வெளியிட்டார். 1948-இல் ஜப்பானில் புருனோ சகோதரர்கள் மீனவருக்கென்றே இக்கருவியைச் செய்து விற்கத் தொடங்கினர்.

இனித் திரைக்கு வருவோம். திரையின் வலது ஓரம் இந்த நொடி. இடப்புறம் செல்லச் செல்லக் கடந்த நேரம். ஆகவே அது கடலடியின் புகைப்படம் அன்று. படகுக்கு நேர் கீழே நிகழ்ந்தவற்றின் நாட்குறிப்பு. இடப்பக்கம் தெரியும் மீன்கூட்டம் இடப்பக்கத்தில் இல்லை. நாம் கடந்து வந்த இடத்தில் இருந்தது. ஒரு மீன் ஒலிக்கூம்பின் விளிம்பில் நுழையும்போது தொலைவில் இருக்கிறது, நேர் கீழே வரும்போது அண்மையில் இருக்கிறது, மீண்டும் விலகுகிறது. எனவே அது வில் போல் வளைந்து தோன்றும். நின்ற படகின் கீழ் ஒரு சிறு மீன் அசையாது நின்றாலோ நீண்ட கோடாகத் தெரியும். நீளத்தைக் கண்டு பெரிய மீன் என்று ஏமாறலாகாது.

திருத்தும் முறை யாதெனில், மீனைத் தேடுமுன் தரையைத் தேட வேண்டும். ஆழ எல்லையைத் தரையின் ஆழத்தைப் போல் இரு மடங்குக்குச் சற்று மிகுதியாக வையுங்கள். பின்னர் உணர்திறனைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். திரை முழுதும் புள்ளி படரும்போது நிறுத்தி, புள்ளிகள் சிலவே எஞ்சும் வரை குறைத்து வையுங்கள். கெட்டித் தரையானால் அதன் கீழே இரு மடங்கு ஆழத்தில் இரண்டாம் எதிரொலி ஒன்று தோன்றும். தரையில் பட்டு மேற்பரப்புக்கு வந்து, மீண்டும் கீழிறங்கித் திரும்பிய ஒலி அது. சேற்றுத் தரை ஒலியை உறிஞ்சிவிடும்; அங்கே இரண்டாம் எதிரொலி மங்கும் அல்லது மறையும். நம் மீனவர் ‘பார்’ என்னும் பாறைத் திட்டை வலை இறக்குமுன் அறிய இதுவே வழி. உணர்திறனைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டில் விட்டுவிட்டால், சேறும் பாறையும் ஒன்று போலவே தோன்றக்கூடும். தரை வகையை ஒப்பிடும்போது அதைக் கையால் ஒரே நிலையில் வைத்திருப்பதே நன்று.

அடுத்தது அதிர்வெண். 50, 200 கிலோஹெர்ட்ஸ் என்னும் இரண்டும் பெருவழக்கு. 200 கூர்மையாகக் காட்டும்; ஆயினும் கடல்நீர் அதனை விரைவில் விழுங்கிவிடும். 50 ஆழம் செல்லும்; அகலவும் பரவும். கூம்பு 40 பாகையானால் 50 மீட்டர் ஆழத்தில் சுமார் 36 மீட்டர் அகலத்தை அது தழுவுகிறது. 12 பாகையானால் சுமார் 10 மீட்டரே. தேடுவதற்கு அகலம் உதவும். இடம் குறிப்பதற்குக் குறுகியது உதவும். துடிப்பின் நீளமும் கருதத்தக்கது. அது ஆயிரத்தில் ஒரு வினாடி நீடித்தால், தரைக்கு மேல் 75 சென்டிமீட்டருக்குள் கிடக்கும் மீன் தரையோடு தரையாகக் கலந்துவிடும். திரை வெறுமையாய் இருப்பதால் கடலும் வெறுமை என்று முடிவு கட்டலாகாது.

மீனின் எதிரொலியில் பெரும்பகுதி அதன் உடலுள் இருக்கும் காற்றுப்பையிலிருந்து வருகிறது. கூறல் மீனின் வயிற்றில் எடுத்து உயர்விலைக்கு விற்கும் நெட்டி அதுவே. சுறாவுக்கும் திருக்கைக்கும் கணவாய்க்கும் அப்பை இல்லை. ஆதலால் பெரிய சுறாவும் மங்கலாகவே தெரியலாம். மறுபுறம், மீனல்லாத பலவும் மீன் போல் தோன்றும். இரவில் மேலெழுந்து விடியலில் தாழும் நுண்ணுயிர்த் திரள் ஒரு மேகப் படலமாகத் தெரியும். அலையும் விசிறியும் கிளப்பும் குமிழிகள் மேற்பரப்பை மறைக்கும். அருகிலுள்ள படகின் கருவியோசை சாய்ந்த புள்ளிக் கோடுகளாய் விழும். அதிர்வெண்ணை மாற்றினால் அது மறையும், மீன் மறையாது.

மீன் இருக்கக்கூடிய கடற்பகுதிகளை ஐதராபாத்தில் இயங்கும் இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் தகவலைக் கொண்டு அறிவிக்கிறது. அங்கே சென்ற பின், அவ்விடத்தின் ஆழத்தையும் தரையையும் சொல்வது இக்கருவி. எந்த மீன் என்று அது உறுதி கூறாது. அதை அறிய ஒரே வழி, திரையையும் வலையையும் ஒத்துப் பார்ப்பதே. வலை இழுத்த இடம், ஆழம், திரையில் கண்ட உருவம், வலையில் வந்த மீன் ஆகியவற்றை ஒரு சிறு நோட்டில் குறித்து வாருங்கள். ஈயக்குண்டில் கொழுப்பைத் தடவிக் கயிற்றில் இறக்கி, ஒட்டி வந்த மணலையும் சேற்றையும் கண்டு தரையை அறிந்தவர்கள் அந்நாளில் இருந்தனர். அவர்கள் கையின் அறிவைக் கருவி அகற்றிவிடவில்லை. ஒரு பருவம் இந்தக் குறிப்பைத் தவறாது எழுதி வருபவருக்குத் திரையின் மொழி தானே விளங்கத் தொடங்கும். வீண் ஓட்டமும் குறையும், வலையும் பிழைக்கும்.